படித்துவிட்டுத்தான் கையெழுத்து

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் ஆய்வுக் கட்டுரை ஒன்றின் நன்றியுரையில் அவர் பெயரைப் போடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். பெரிய மனது பண்ணி ஒரு பரிசு கொடுப்பவனைப் போலத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நான் இதுல என்னா செஞ்சேன்னு ஒரு வரி தெளிவா எழுத முடியுமா டாக்டர்?” என்றார். யோசித்துப் பார்த்தேன். ‘உறுதுணையாக இருந்தார்’ என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. “அப்ப வேணாம்லா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதை மதித்து இங்கேயும் பெயரை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், குளிர்சாதனம் தேவைக்கு மேல் வேலை செய்யும் ஒரு மூலையில் அவர் மேசை இருந்தது. எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்று தெரிந்த பிறகும் நான் அப்படியே கூப்பிட்டேன். அவர் முன்னால் போய் உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் வயது குறைந்துவிடும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, பல்கலைக்கழகம் இருக்கும் தீவில் இறங்கி மறுபடி ஒரு பஸ் பிடித்து வருவார். ஃபெர்ரியில் மற்றவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள், அலுத்தால் கடலைப் பார்ப்பார்கள். அவர் யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரையை அச்சடித்து நான்காக மடித்து வைத்துக்கொண்டு படித்து வருவார்.

விரிவுரையாளர்கள் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களுடைய கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் எண்ணிக்கையையும் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவருடைய வேலை. நம் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது நமக்கு ஒரு மேற்கோள். எத்தனை மேற்கோள் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் எங்கள் உலகத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று முடிவாகும். அந்த எண்ணிக்கையைக் கணினி ஒரு நொடியில் சொல்லிவிடும். அக்காவுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் கணினி சொன்ன எண்ணைப் பார்த்து முத்திரை குத்திவிட்டுத் தே தாரே டீ குடிக்கப் போய்விடுவாராம். அக்கா அப்படியில்லை. நம்மை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, எந்த இடத்தில், எதற்காக நம் பெயர் வந்திருக்கிறது என்று படிப்பார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. செய்யாதே என்று சொல்லவும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

நான் முதன்முதலில் அவரிடம் போனபோது எனக்கு இருநூற்றுச் சொச்சம் மேற்கோள்கள் இருந்தன. அந்த எண்ணை மனைவியிடம் சொல்லியிருந்தேன், மைத்துனரிடம் சொல்லியிருந்தேன், முடி வெட்டுபவரிடம்கூடப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து விண்ணப்பப் பாரம் திரும்பி வந்தது. எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். கூடவே ஒரு சின்னத் தாளில் பென்சிலால் நான்கு வரி எழுதிக் குண்டூசியால் குத்தியிருந்தார். கூட்டத்தோடு வந்தவர்கள், வாசலிலேயே நின்றவர்கள், சொந்தக்காரர்கள், உள்ளே வந்து சாப்பிட்டவர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்.

ஒன்றும் புரியாமல் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஒரே அடைப்புக்குறிக்குள் பத்துப் பேரோடு சேர்த்து நம் பெயரைப் போட்டிருந்தால் அவர் கூட்டத்தோடு வந்தவர். முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டு அதோடு நம்மை மறந்தவர் வாசலிலேயே நின்றவர். நானும் என் மாணவர்களும் எங்களையே எடுத்துக்காட்டிக்கொண்டது சொந்தக்காரர் கணக்கு. நம் கட்டுரையை உண்மையில் படித்து, அதை வைத்து ஏதாவது செய்து பார்த்தவர் மட்டும்தான் உள்ளே வந்து சாப்பிட்டவர். என்னுடைய இருநூற்றுச் சொச்சத்தில் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர்.

“மூணு பேரு படிச்சிருக்காங்க, நல்ல விசயம்தானே டாக்டர்,” என்றார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அதில் ஒருவர் சாப்பாடு சரியில்லை என்று எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பென்சில் தாள் பதவி உயர்வுக் குழுவுக்குப் போகவேண்டியதில்லை. அது நமக்கு மட்டும்தான், கழற்றிவிட்டுப் பாரத்தை அனுப்பலாம் என்று அவரே சொல்வார். எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் அனுப்பினோம். ஆனால் கழற்றிய தாளை யாரும் எறியமாட்டார்கள். பொறியியல் துறையில் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வைத்திருந்த ஒரு பேராசிரியர் இருந்தார். அவரைப் பார்த்தால் எழுந்து நிற்காதவர்கள் குறைவு. அவருடைய தாளில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். அவர் தாளைக் கையில் பிடித்தபடி நூலகத் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டார். அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “நான் எண்ணிக்கைய மாத்தலயே சார், வந்தவங்க யாருன்னுதான் எழுதினேன்,” என்றாராம். அதற்குமேல் அவரை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. மலாய் இலக்கியம் கற்பிக்கும் ஒரு கூச்ச சுபாவக்காரர் பத்து வருடத்தில் ஏழே ஏழு மேற்கோள் வைத்திருந்தார். பாரத்தைக் கொடுக்கும்போதே மன்னிப்புக் கேட்பவரைப் போலக் கொடுத்தாராம். அக்கா அந்த ஏழையும் படித்துவிட்டு, மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, வெயிலில் திடலைக் கடந்து அவருடைய அறைக்கே போனார். ஏழு பேரும் உள்ளே வந்தவர்கள், அதில் ஒருவர் முழுதாக மூன்று பக்கம் உங்களோடு சண்டை பிடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் மறுநாள் ஒரு பை நிறையக் கறிபப் பலகாரம் வாங்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். நானும் இரண்டு சாப்பிட்டேன். எனக்கு யாரும் மூன்று பக்கம் சண்டை பிடிக்கவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

எதையும் முழுதாகப் படிக்காமல் விடுவது அவருக்கு முடியாத காரியம். என் ரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியை அவர் மேசையில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். திரும்பப் போவதற்குள் உள்ளே மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் படித்து முடித்திருந்தார். பம்ளிமாஸ் மாதிரிப் பழங்களை இந்த மாத்திரையோடு சாப்பிடக்கூடாது என்று போட்டிருக்கிறது, சாப்பிடுவீர்களா என்று கேட்டார். ஈப்போவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த பம்ளிமாஸை அன்று காலைதான் பாதி தின்றிருந்தேன். ஐந்து வருடமாக அந்த மாத்திரையைப் போடுகிறேன். தாளை விரித்துப் பார்த்ததே இல்லை. படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

இவ்வளவு சொல்லும்போது ஏதோ கறாரான ஆள் என்று தோன்றும். அப்படியில்லை. மெதுவாகப் பேசுவார். மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியரில் கொண்டுவரும் நெத்திலிச் சம்பலைப் பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆனால் தான் படித்ததை நம்மிடம் சொல்லும்போது முகத்தில் கோபமும் இருக்காது, கேலியும் இருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

நான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்த ஆண்டில் பாரத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். உங்கள் ஆய்வு உங்கள் துறைக்கு வெளியே எத்தனை துறைகளைத் தொட்டிருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். என்னுடைய ஜாதிக்காய்க் கட்டுரை இருந்ததே.

நான் உணவுத் தொழில்நுட்பக்காரன். ஜாதிக்காயை வெயிலில் உலர்த்துவது நல்லதா, சூட்டடுப்பில் உலர்த்துவது நல்லதா என்பதைப் பற்றிப் பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தீவின் பின்பக்கம் பாலிக் பூலாவ் ஊரில் காய் வாங்கி வந்து உலர்த்திப் பார்த்து எழுதியது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன காரணத்தாலோ அதை மரவேலைக்காரர்கள் எடுத்துக்காட்டினார்கள். துணித் துறையில் எடுத்துக்காட்டினார்கள், மருந்தியலில் எடுத்துக்காட்டினார்கள், கட்டடத் துறையில் ஒருவர், பழைய ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்கும் துறையில் ஒருவர். ஆக ஐந்து துறைகள். ‘உலர்த்தலின் அடிப்படை விதிகள் துறை எல்லைகளைக் கடந்தவை’ என்று அந்தக் கட்டத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அதை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் தாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவர் சொன்னதை அப்படியே சுருக்கிச் சொல்கிறேன். அந்த ஐந்து துறையிலும் என் உலர்த்தலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாரும் எடுத்துக்காட்டியது என் முன்னுரையில் இருந்த ஒரே வாக்கியத்தை. உலர்ந்த ஜாதிக்காய்த் தோலை அலமாரியில் போட்டு வைத்தால் மழைக்காலம் முழுக்கப் பூசணம் பிடிக்காது என்ற வாக்கியம். நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆதாரம் என்று ஒரு பழைய ஆய்வேட்டைக் காட்டியிருந்தேன். எங்கள் நூலகத்திலேயே இருக்கும் ஆய்வேடு.

“அதையும் போயி எடுத்துப் பாத்தேன் டாக்டர்,” என்றார். “அது ஜாதிக்கா ஏற்றுமதிய பத்தி. எந்தக் கப்பல்ல எவ்ளோ போச்சுன்னு எழுதியிருக்காங்க. பூசணம்னு ஒரு சொல்லு இல்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டேன்.”

நடந்தது இதுதான். அந்த வாக்கியத்தைச் சொன்னவர் பாலிக் பூலாவில் எனக்கு ஜாதிக்காய் விற்ற சீனக் கிழவர். நன்றாக இருக்கிறதே என்று முன்னுரையில் சேர்த்துவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பியபோது மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த வரிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டிருந்தார். திருத்தி அனுப்ப இரண்டே நாள் இருந்தது. நூலகப் பட்டியலில் ஜாதிக்காய் என்று தேடினேன். தலைப்பில் ஜாதிக்காய் என்று இருந்த முதல் ஆய்வேட்டின் பெயரைப் போட்டு அனுப்பினேன். திறந்து பார்க்கவில்லை. மதிப்பீட்டாளரும் திறந்து பார்க்கவில்லை. அவர் திருப்தியாகிவிட்டார். இப்படிச் செய்யாத ஆள் எங்கள் தொழிலில் குறைவு என்று அக்காவிடம் சொன்னேன். அதைப் பெருமையாகச் சொன்னேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

“அந்தக் கடைக்காரர் பேரயே போட்டிருக்கலாமே,” என்றார்.

கடைக்காரர் பெயரைப் போட்டால் சிரிப்பார்கள் என்றேன். அவர் கடைசியாக இருந்த தாளை என் பக்கம் தள்ளினார். ஓலைச்சுவடிக் கட்டுரை. லொம்போக் தீவில் ஒரு சின்னச் சுவடிக் காப்பகத்தில் ஆய்வு மாணவி ஒருத்தி, என் வாக்கியத்தை நம்பி, ஜாதிக்காய்த் தோலை உலர்த்திச் சுவடிப் பெட்டிகளில் போட்டிருக்கிறாள். மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் சுவடிகளில் பூசணம். முன்னால் வந்த ஆய்வின்படி இது நடந்திருக்கக்கூடாது, ஆகவே தோலை உலர்த்தியதில் தன் கைதான் தவறியிருக்க வேண்டும் என்று முடிவுரையில் எழுதியிருந்தாள். முன்னால் வந்த ஆய்வு என்றது என்னை.

“அந்தப் புள்ள தன் கை சரியில்லன்னு எழுதியிருக்கு டாக்டர்,” என்றார் அக்கா.

நான் அந்தத் தாளைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். எண்ணிக்கை சரிதானே, கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் போட்டார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. நான் எழுதிய பொய்யைப் பற்றி எழுத அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை. பென்சில் தாளைக் குத்தி என்னிடம் கொடுத்தார். அதில், இந்த ஜாதிக்காய்க் கட்டுரைக்கு உள்ளே வந்து சாப்பிட்டவர்கள் என்பதற்குப் பக்கத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது. நான் தாளைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பாரத்தை அனுப்பினேன்.

குழு கூடி முடிவு சொல்லும்வரை பொறுத்திருப்போம், அதற்குப் பிறகு திருத்தம் எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதே எழுதினால் குழுவுக்குத் தேவையில்லாத குழப்பம் வரும், அது பல்கலைக்கழகத்துக்கே நல்லதல்ல என்றுகூட யோசித்தேன். என் நன்மையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தின் நன்மையைப் பற்றி நான் கவலைப்பட்டது அந்த ஒரு சமயம்தான்.

நான்கு மாதம் கழித்துப் பேராசிரியர் பதவிக் கடிதம் வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் துறைக்காரர்களுக்கெல்லாம் விருந்து வைத்தேன். அக்காவையும் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று நம்பித்தான் கூப்பிட்டேன். வந்தார். மீன்முட்டைக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். வாழ்த்துச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் போனது. கடைசியில் திருத்தத்தை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை, யாரும் அதை நம்பவேண்டாம் என்று நான்கு வரி. அச்சில் வந்தது. பல்கலைக்கழகக் கணினி அதை என் பெயரில் ஒரு புதிய வெளியீடு என்று கணக்கில் சேர்த்துக்கொண்டு, உங்கள் ஆய்வுப் பணி மேன்மேலும் சிறக்க வாழ்த்துகள் என்று மின்னஞ்சல் அனுப்பியது. தப்பு செய்ததற்கு ஒரு கட்டுரை, ஒப்புக்கொண்டதற்கு ஒரு கட்டுரை என்று என் பட்டியல் நீண்டது. அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே திருத்தத்தின் நகலை அக்காவிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நான்கு வரியையும் படித்தார். “இது பத்திரிகைக்கு எழுதினது. அந்தப் புள்ளைக்கு எழுதினீங்களா?” என்று கேட்டார்.

பத்திரிகையில் வந்துவிட்டதே, அவளே பார்த்துக்கொள்வாள் என்றேன்.

“பத்திரிகையில வர்றத யாரு படிக்கிறா டாக்டர்,” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அன்று மத்தியானமே அறைக்குப் போய், அவளுக்கும் புரியும் என்று மலாயில் எழுதினேன். உங்கள் கையில் தவறில்லை, தவறு என்னுடையது, நான் சோதிக்காத ஒன்றைச் சோதித்ததுபோல் எழுதிவிட்டேன் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுற்றி வளைத்திருப்பேன். மலாயில் அவ்வளவு வளைக்க எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது.

கோபமாக எழுதுவாள் என்று நினைத்தேன். நன்றி என்று தொடங்கியிருந்தாள். தோலை அதிக நேரம் வெயிலில் வைத்துவிட்டோமோ, எடுத்த தோல் பழையதோ என்று எத்தனையோ முறை யோசித்தாளாம். மூன்று சுவடிகள் திரும்பப் படிக்கமுடியாதபடி போய்விட்டன. வழிகாட்டி இனிமேல் சுவடிகளைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் அட்டவணை எழுதும் வேலையில் உட்கார்ந்திருந்தாள், பிறகு தானே ஆய்வை விட்டுவிட்டாள். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்பதையும் எழுதியிருந்தாள். வேலை நன்றாக இருக்கிறது, உங்கள் கடிதத்தை என் அப்பாவிடம் காட்டப்போகிறேன் என்று முடித்திருந்தாள்.

கடிதத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அதை வேறு யாரிடமும் காட்டமுடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“எப்ப வேலைக்குச் சேந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“பாத்தேன் அக்கா.”

நான் விருந்து வைத்த அதே வாரம். பென்சில் தாள் என் கைக்கு வந்த அன்றே எழுதியிருந்தால் அதற்கு நான்கு மாதம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். வழிகாட்டியிடம் கடிதத்தைக் காட்டியிருப்பாள். சுவடி அறைக்குத் திரும்பிப் போயிருப்பாளோ என்னவோ. இதை அக்கா சொல்லிவிடட்டும், திட்டிவிடட்டும் என்று காத்திருந்தேன். அவர் கடிதத்தை மடித்தார். கண் கலங்கியிருந்தது.

“அந்தப் புள்ளையோட முகவரி கட்டுரையிலயே இருந்துச்சு டாக்டர்,” என்றார். “நானும் எழுதியிருக்கலாம். எனக்கு மொதல்லயே தெரியும். ஒங்க விருந்துல ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்.”

அவர் எதையோ செய்யாமல் விட்டதாகச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு முறைதான். அடுத்த ஆண்டே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் இன்னும் பேராசிரியராகத்தான் இருக்கிறேன். அன்று அவர் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது துக்கம் அல்ல. அப்பாடா, பழியில் பாதியை எடுத்துக்கொள்ள இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற நிம்மதிதான் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் தோன்றியது.